விழிஞ்ஞத்தில் விட்டு வந்த பெட்டி

நாகர்கோவிலில் மீன் பெட்டி செய்யும் சின்னப் பட்டறை என்னுடையது. தெர்மாகோல் பெட்டி பரவியபின் ஆர்டர் பாதியாகிவிட்டது. திருவனந்தபுரத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் தென்னை நார்க்கழிவில் ஐஸ் பெட்டி செய்திருக்கிறது, தயாரிக்க ஆள் தேடுகிறது என்று கேள்விப்பட்டு, போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினேன். ரயிலில் 70 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஆய்வகத்துக்கு ஆட்டோ 110 ரூபாய்.

ஆராய்ச்சியாளர் மாலதி அதே ஊரில் ஸ்ரீவராகம் பகுதிக்காரர், வீட்டில் பேசுவது தமிழ். முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஐஸ் போட்ட பெட்டியை என் முன்னால் திறந்தார். இருபத்து மூன்று மணி நேரம் ஆகியும் கட்டியின் முனைகூட மழுங்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிற நான் கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"மீன் விக்கறவங்க என்ன சொன்னாங்க மேடம்?"

"அவங்ககிட்ட இன்னும் காட்டலை சார். நான் விழிஞ்ஞம் போனதே இல்லை."

ஏழு வருஷ ஆராய்ச்சி. விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகமோ 16 கிலோமீட்டர் தூரம்தான்! ஐஸைப் பார்த்தபோதுகூட இப்படி அதிரவில்லை நான்.

"இப்பவே போலாமா?"

அவர் தயங்கினார். "இருக்கறது இது ஒண்ணுதான். திங்கட்கிழமை கமிட்டி முன்னாடி வெக்கணும். இல்லேன்னா ப்ராஜெக்ட் அவ்ளோதான்."

"பத்திரமா கொண்டுவந்துடலாம்" என்றேன். என்ன தைரியமோ!

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ். ஆளுக்கு 24 ரூபாய், முக்கால் மணி நேரம். துறைமுகத்தில் மீன் விற்கும் ஸ்டெல்லா என்பவரிடம் பெட்டியைக் காட்டினோம். தூக்கிப் பார்த்தவர், சிமெண்டுத் தரையில் அப்படியே போட்டார். மாலதி அலறிவிட்டார். ஒரு மூலை பிளந்திருந்தது.

"ஒரு தடவை விழுந்தா உடையற பெட்டியை வெச்சு நான் எந்து செய்யணும் மோளே?" என்றவர் அதைத் தலையில் தூக்கி வைத்தார். "ஓரம் காதை வெட்டுது. இதை நீ சுமந்து பார்த்தியா?"

மாலதி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். அப்புறம்தான் ஸ்டெல்லா மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டார்.

"நேத்து போட்ட ஐஸா? சத்தியமாட்டும்?"

அவ்வளவுதான். கூடையிலிருந்த அயிலை மீனை அதில் கொட்டி, மூடி, தலையில் ஏற்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். மாலதி பின்னாலேயே ஓடினார். "சேச்சி, திங்கட்கிழமை எனக்கு வேணும்!"

"எனக்கு இன்னைக்கே வேணும்!"

பிடுங்கி வாங்கியிருக்கலாம். மாலதி நின்றுவிட்டார். போனை எடுத்து, போகிற பெட்டியைப் படம் பிடித்தார். 

கமிட்டி முன் அந்தப் படத்தையும் குறைகள் எழுதிய தாளையும்தான் வைத்தாராம். ஆறு மாதம் நீட்டிப்புக் கிடைத்தது. ஓரம் உருட்டி என் பட்டறையில் ஐந்து பெட்டி செய்தோம். இரண்டு மறுபடியும் பிளந்தன. மூன்று துறைமுகத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆய்வகத்துக்குத் தொழில் தேடிப் போகிறவர்கள் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். துறைமுகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கூட்டம் கலைந்துவிடும். இருக்கிற ஒரே பெட்டியைக் கொண்டுபோகாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இல்லை, அதையே கொண்டுபோங்கள்.