உரிக்காமல் விட்ட ஃபிலிம்

சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை அணைத்துவிட்டு எங்கள் கடைக்காரர் பாய் அசையாமல் நின்ற அந்தக் காலையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. எதிரே அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. அதன் முன்பக்க இடது மூலையில், பெயிண்டைக் காக்க ஒட்டியிருந்த நிறமில்லாத ஃபிலிம் நீளமாகக் கிழிந்து சுருண்டிருந்தது. பாய் அதன் ஓரத்தைச் சூடாக்கி விரல் நுனியால் கொஞ்சம் தூக்கியிருந்தார். தூக்கிய இடத்தில், பசையோடு பசையாக, மஞ்சள் சாமந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் பச்சைப் பெயிண்டின் தீற்றல் ஒன்று. அந்தக் காரில் பச்சை எங்கும் கிடையாது.

தருமபுரி பைபாஸ் ஓரத்தில் இருந்த அந்தக் கடையில் நான் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டேன். வாடிக்கையாளர்களுக்கு விளக்கம் சொல்வது, போனில் பேசுவது, வேலை முடிந்த வண்டிகளைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவது எல்லாம் என் பொறுப்பு. கடைக்காரரை ஊரே பாய் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான். அவருடைய அப்பா பேருந்து நிலையத்துக்குப் பின்னால் சீட் கவர் தைத்தவர். பாய் பெங்களூருக்குப் போய் ஃபிலிம் ஒட்டும் வேலையும் பளபளப்பு தரும் செராமிக் கோட்டிங்கும் கற்றுக்கொண்டு வந்து, நம் ஊர்க்காரர்கள் இதற்காக ஓசூருக்கு ஓட வேண்டாம் என்று கடை போட்டார். கிரானைட் லாரிகள் ஓயாமல் போகும் சாலையில் தூசி புகாத ஒரு அறையைக் கட்டுவதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதவிடுக்குகளில் ரப்பர் ஒட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, உள்ளே போகிறவர்கள் சட்டையை உதறிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். அந்த அறையின் வெள்ளை விளக்குகளுக்குக் கீழே நின்றால் சாதாரண மாருதி கார்கூட மணப்பெண் மாதிரி இருக்கும்.

அந்தச் சிவப்புக் கார் முதல்முறை வந்தது ஷோரூமிலிருந்து நேராக. சாலைப் பணி எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் ஒருவரின் மகனுடைய வண்டி அது. தரையை ஒட்டிய வண்டி என்பதால் கடை வாசலில் ஏறும்போது ஆளாளுக்குக் குனிந்து அடி இடிக்கிறதா என்று பார்த்தோம். மகனுக்கு முப்பது வயது இருக்கும். இறங்கியதும், "இது மேல ஒரு கோடு வுழக் கூடாது பாய். கல்லு தெறிச்சாலும் சரி, எவனாவது வந்து ஒரசுனாலும் சரி, பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவக் கூடாது" என்றான். பாய் சிரித்துக்கொண்டே, "ஆவாதுங்க. படுறதெல்லாம் ஃபிலிம் மேலதான் படும். அத உரிச்சு எறிஞ்சுட்டா உள்ள புதுசு மாதிரியே இருக்கும்" என்றார். இதே வாக்கியத்தை நானும் எத்தனையோ பேருக்கு மேசையில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன்.

அந்த வேலையைப் பாய் வேறு யாரையும் தொட விடவில்லை. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை விரித்து, உள்ளே ஒரு குமிழிகூட நிற்காதபடி ரப்பர் தகட்டால் தள்ளித் தள்ளி ஒட்டினார். வளைவுகளில் சூடு காட்டி இழுத்து ஓரங்களை உள்ளே மடித்தார். அதற்கு மேல் செராமிக் திரவத்தைச் சின்னப் பஞ்சுக் கட்டையால் தடவி, அது காய்கிற பதம் பார்த்துத் துணியால் துடைத்தார். வண்டி வெளியே வந்தபோது மேலே ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. கான்ட்ராக்டரின் மகன் பாயைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டான். நான்தான் எடுத்தேன். அந்தப் படத்தைப் பார்த்துக் கடைக்கு வந்தவர்கள் நிறைய.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அதே வண்டி ஒரு நாள் நாங்கள் கடை திறக்கும் முன்பே வாசலில் வந்து நின்றது. மகன் கழுவாத முகத்தோடு இருந்தான். "கல்லு பட்டுருச்சு பாய். முன்னாடி ஃபிலிம மட்டும் உரிச்சுட்டு வேற போட்டுக் குடுங்க. சாயங்காலம் வேணும்" என்றான். எங்கே, எப்படி என்று பாய் கேட்டதற்கு, "ரோட்டுலதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கூட வந்திருந்த இன்னொரு வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பாய் வேலையைத் தொடங்கினார். நான் மேசையில் உட்கார்ந்து போனைப் பார்த்தேன். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்திருந்தது. இண்டூர்ச் சாலையில் ஒரு பச்சை மொபெட் ஓரப் பள்ளத்தில் கிடக்கிறது, சாலை முழுக்க சாமந்தி. விடிகாலையில் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த விவசாயியை ஏதோ கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது, அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், உறவுக்காரர்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்கள். எழுந்து அறைக்குள் போனபோது பாய் அந்த இதழ்களைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் போனை வாங்கி, பெரிதாக்கி, மொபெட்டின் பச்சையையும் வண்டியின் மீதிருந்த பச்சையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தூக்கியிருந்த ஓரத்தை அப்படியே படிய வைத்து, வண்டியின் மேல் துணியைப் போர்த்தி, அறையைப் பூட்டினார்.

"ஸ்டேஷனுக்கு போன் போடும்மா" என்றார். "நானே பேசுறேன்."

போலீஸ் வருவதற்கு முன்னால் கான்ட்ராக்டர் வந்துவிட்டார். யார் சொன்னார்களோ தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கு முன்னாலேயே, மிகவும் பொறுமையாகப் பேசினார். "பாய், நீங்க தொழில் பண்றவரு. குடுத்த வேலைய முடிச்சுக் குடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்குறோம். அந்தாளுக்கு வைத்தியம் பாக்க மாட்டோம்னா சொன்னோம்?"

"பாருங்க. பாக்கணும்ங்க. ஆனா இத நான் உரிக்க மாட்டேன்."

"உரிக்கிறதுக்குத்தான அத ஒட்டுனீங்க?"

பாய் பூட்டிய அறையின் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ சாப்புடுறீங்களா?" என்று கேட்டார். எனக்கு அவர்மேல் வந்த முதல் கோபம் அதுதான். ஒரு மனிதனைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு வந்தவனுடைய அப்பனுக்கு என்ன டீ?

போலீஸ் வந்து படமெடுத்து, வண்டியை எடுத்துக்கொண்டு போனது. நான் அன்று வீட்டுக்குப் போகும்போது ஏதோ பெரிதாக ஜெயித்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அடுத்த வாரத்திலேயே அந்த நிமிர்வு போயிற்று. கான்ட்ராக்டர் வீட்டு டிரைவர் ஒருவர் ஸ்டேஷனில் ஆஜராகி, 'நான்தான் ஓட்டினேன், பயத்தில் நிற்காமல் போய்விட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த வண்டியின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையே அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். காலையில் வண்டியைக் கொண்டுவந்து விட்டது மகன்தான் என்று பாய் சொன்னார், நானும் சொன்னேன். கொண்டுவந்து விட்டதற்கும் இடித்ததற்கும் சம்பந்தமில்லை என்று ஸ்டேஷனில் எங்களுக்கே பாடம் எடுத்தார்கள்.

நானும் பாயும் அடிபட்ட பூக்காரரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனோம். இடுப்பெலும்பு முறிந்து, கால் ஒன்றில் கம்பி வைத்திருந்தார்கள். அவருக்கு வலியைவிடப் பூவைப் பற்றிய கவலைதான் பெரிதாக இருந்தது. "மூட்ட அவுந்து போவாம யாராச்சும் எடுத்து வெச்சாங்களான்னு கேட்டேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்றார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கார் தன் கையால் பளபளத்த கார் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்தார் என்று நினைக்கிறேன். வெளியே வந்த பிறகுதான் சொன்னார்: "அந்த பாவிப்பய இறங்கிப் பாத்திருந்தாப் போதும், நான் எல்லாத்தையும் உரிச்சுக் குடுத்திருப்பேம்மா."

போலீஸ் வண்டியை விடுவித்த பிறகு, மீதமிருந்த கண்ணாடி பாலிஷ் பொருட்களையும் உத்தரவாத அட்டையையும் வாங்கிக்கொண்டு போகக் கான்ட்ராக்டர் வீட்டு ஆள் ஒருவர் அதே காரில் கடைக்கு வந்தார். முன்பக்கம் கிழிந்த ஃபிலிமோடுதான் இருந்தது. பாய் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, "மத்த எடத்துல கோட்டிங் நல்லாருக்குதுங்க. பிரஷ் போட்டுத் தேய்க்காம கழுவச் சொல்லுங்க" என்றார். நான் மேசையிலிருந்த ஸ்பிரே பாட்டிலைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். வந்த ஆள் பயந்து போய்விட்டார். பாய் குனிந்து, சிதறிய தண்ணீரைத் துடைத்தார். "அந்த வண்டி என்னாம்மா பண்ணுச்சு?" என்றார். வண்டி ஒன்றும் பண்ணவில்லை, சரி. ஆனால் எதன்மேல்தான் கோபப்படுவது? கோபப்படத் தெரியாத மனிதர்களை வைத்துத்தான் இந்த ஊர் இப்படி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்கு அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் ஈரத் துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வண்டிகள் வருவது குறைந்தது. புக் செய்தவர்கள் போன் எடுக்கவில்லை. அவர்களில் ஒரு டாக்டர் மட்டும் நேர்மையாகச் சொன்னார்: "கான்ட்ராக்டர் வீட்டுக்காரங்க நமக்கு வேண்டியவங்க பாய், மனசுல வெச்சுக்காதீங்க." இணையத்தில் எங்கள் கடையைப் பற்றி, ஃபிலிம் மஞ்சளாகிவிட்டது, பெயிண்ட் உரிந்துவிட்டது என்று நாங்கள் பார்த்தே இராத ஆட்கள் எழுதினார்கள். டீக்கடையில் என் காதுபடவே, "பூக்காரன் என்ன இவருக்குச் சொந்தமா?" என்றார்கள். என் கணவர்கூட, "உங்களுக்கு எதுக்கு இந்த வேல? வண்டிய உரிச்சுக் குடுத்துட்டு போயிட்டே இருக்க வேண்டியதுதான?" என்று சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். அன்று நான் அவருக்கு இரண்டாம் முறை சாம்பார் ஊற்றவில்லை.

கட்டடச் சொந்தக்காரர் வந்து, தன் மச்சானுக்குக் கடை வேண்டும் என்று சொல்லி இடத்தைக் காலி செய்யச் சொன்னார். காலி செய்த பிறகு அந்த இடம் பல மாதம் பூட்டித்தான் கிடந்தது. மச்சானும் வரவில்லை, ஒரு ஈயும் வரவில்லை. தூசி புகாத அறையின் ரப்பர்ப் பட்டைகளைப் பாய் தன் கையாலேயே பிரித்து எடுத்தார். கடையைக் காலி செய்யும் வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சிவப்புக் கார் பைபாஸில் மெதுவாகப் போனது. கான்ட்ராக்டரின் மகன் வேண்டுமென்றேதான் மெதுவாகப் போனான். பெங்களூரில் முன்பக்கத்துக்குப் புது ஃபிலிம் போட்டிருந்தார்கள். வெயிலில் மின்னியது. இடித்த இடம் எது என்று கேட்டால் என்னாலேயே காட்ட முடியாது. ஏணிமேல் நின்றிருந்த பாய் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஓரம் சரியா மடிக்கல" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு பெட்டிகளைக் கட்டினேன்.

பாய் இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய கடையில் சம்பளத்துக்கு ஃபிலிம் ஒட்டுகிறார். போன் செய்தால், "நல்லாருக்கேம்மா, வூட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். அந்தப் பேச்சை நான் எடுத்தால் மட்டும், அங்கே வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிடுவார். அவரை நல்லவர் என்று இப்போது ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அன்று தன் வண்டியை எங்களிடம் விட மறுத்த அதே டாக்டரும் சொல்கிறார். அதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லவர் என்று சொல்வதற்கு அவர் கிருஷ்ணகிரிக்குப் போகும்வரை காத்திருந்தீர்களா? பூக்காரர் ஊன்றுகோலோடு வாசல்வரை வருகிறார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டார்.

போன வாரம், பழைய கார் விற்கும் தளம் ஒன்றில் அந்த வண்டியின் படத்தைப் பார்த்தேன். இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்ப்பதும் என் வேலை. 'ஒரே ஓனர். அடிபடாத வண்டி. ஒரு கீறல் இல்லை' என்று போட்டிருந்தது. கீழே இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். சேலத்துத் தரகர் ஒருவர் எடுத்தார்.

"நிஜமாவே அடிபடாத வண்டிங்களா?" என்று கேட்டேன்.

"கம்பெனி பெயிண்டு அப்படியே இருக்குது மேடம். பெயிண்டு கனம் பாக்குற மீட்டர் வெச்சு வேணா பாத்துக்குங்க. ஒரு எடத்துல கூட டச்சப் கெடையாது."

அவர் சொன்னது பொய்யில்லை. மீட்டரும் அதையேதான் சொல்லும். இடித்ததெல்லாம் ஃபிலிம் மேல்தானே பட்டது.

"பெயிண்டுக்கு ஒண்ணும் ஆவலைங்க" என்றேன். "ஆளுக்குத்தான் ஆச்சு. இண்டூர் ரோட்டுல."

 "மேடம், உங்களுக்கு வண்டி வேணுமா, வேணாமா?"

நான் இண்டூர்ச் சாலையிலிருந்து தொடங்கினேன். மருத்துவமனைக்கு வருவதற்குள் அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மறுபடி அடித்தால் போகவில்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தார். பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தன் போனின் பூட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். தரகரின் எண்ணை அழுத்திவிட்டு, என்னை அடையாளம் தெரியாதபடி குரலை மாற்றிக்கொண்டேன்.

"ஹலோ, அந்தச் செவப்பு வண்டி இன்னும் இருக்குதுங்களா?"