இரண்டாம் டிகாக்ஷன் இல்லாத ஜாடி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. அதற்கப்புறம் எழுதினதெல்லாம் பிறந்தகத்துக்குப் போட்ட கார்டுகள்தான். மறதியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. முன்னது பின்னதாக வந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். டாலிகஞ்சில் என் பிள்ளை வீட்டில், என் துணிப்பெட்டியின் அடியில், பழைய மல் துணியில் சுற்றி ஒரு மூடி வைத்திருக்கிறேன். வெள்ளை முலாம் போய் ஓரமெல்லாம் பித்தளை தெரிகிறது. மூடியின் நடுவே ஒரு கம்பி மேலும் கீழும் போகும். கம்பியின் நுனியில் சல்லடை மாதிரி ஒரு வட்டத் தகடு. அதற்குக் கீழே இருக்க வேண்டிய கண்ணாடி ஜாடி உடைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் பெட்டியை வெயிலில் வைத்தபோது என் மாட்டுப்பெண் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, சைக்கிள் பம்ப்பா?" என்றாள். "காப்பி போடறதுடி" என்றேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் பூராவும் எனக்கு மாடி வீட்டு பௌதியின் ஞாபகமாகவே இருந்தது.

பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அவளுக்குப் பேர் வேறு உண்டு; நான் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி நான் கல்கத்தா வந்தபோது எனக்குப் பதினாறு வயது. ஜப்பான் சண்டைக்கு முந்தின காலம். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழ்வீட்டில் குடியிருந்தோம். மாமனாருக்குக் கவர்ன்மெண்டில் கணக்காபீஸ். என் கணவருக்கு டல்ஹௌசியில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிற உத்தியோகம். மாடியில் வீட்டுச் சொந்தக்காரரான பெரியவர், அவருடைய மாட்டுப்பெண்ணான பௌதி, ஒரு வேலைக்காரி, அவ்வளவுதான். பௌதியின் புருஷர் பிரான்ஸ் தேசத்துக்குப் போயிருந்தார். துணிக்குச் சாயம் காய்ச்சுகிற படிப்பு என்று சொன்னார்கள். போய் நாலு வருஷம். பௌதிக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். இரண்டு பேரும் பகலில் மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகும்போது பார்த்துச் சிரித்துக்கொள்வோம். எனக்கு அப்போது வங்காளம் அரைகுறை. பேசுவதற்குக் கூச்சமும் அதிகம். அவள் பேசுவாள், நான் தலையை ஆட்டுவேன். அப்படியே சிநேகிதமாகிவிட்டோம்.

எங்கள் வீட்டுக் காப்பியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பித்தளைப் பில்டரில் முதலில் இறங்குகிற கெட்டி டிகாக்ஷன் ஆண்பிள்ளைகளுக்கு. அதே பொடியில் இன்னொரு தரம் வெந்நீர் விட்டு இறங்குவது இரண்டாம் டிகாக்ஷன். அது மாமியாருக்கும் எனக்கும். யாரும் இப்படி என்று சட்டம் போடவில்லை. என் பிறந்தகத்திலும் அம்மா அப்படித்தான் குடித்தாள். காப்பி என்றால் லேசாகப் புகை வாசனை அடிக்கிற வெல்லத் தண்ணீர் மாதிரி ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆனாலும் மாடியில், "மத்ராஜி பௌவுக்குத் தெரியாத காப்பியா?" என்று பௌதி மதராஸ் மாட்டுப்பெண்ணான என்னைக் கேட்டபோது எனக்குக் கர்வம் வந்தது என்னவோ உண்மை.

அவள் கேட்டதற்குக் காரணம் இந்த ஜாடி. ஊர் திரும்பின யாரோ சிநேகிதரிடம் அவள் புருஷர் அதைக் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே கடிதம். பூஜைக்கு முன்னால் வந்துவிடுவேன், இப்போதெல்லாம் நான் டீ குடிப்பதில்லை, காலையில் இதில் போட்ட காப்பிதான், நீயும் கற்றுக்கொள் என்று எழுதி, மூன்று படம் போட்டிருந்தார். பொடி போடுவது ஒன்று, வெந்நீர் விடுவது ஒன்று, கம்பியை அமுக்குவது ஒன்று. பௌதி அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் அது மடிப்பிலே கிழிந்திருந்தது. "மேஜைமேல் உட்கார்ந்து முள்கரண்டியால் சாப்பிடப் பழகியிருப்பார். அங்கே எத்தனை பெண்களைப் பார்த்திருப்பார். நான் இங்கே நாலு வருஷமாக மீனைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வந்து என்னைப் பார்த்து, இவள் யார் என்று நினைத்துவிட்டால்?" என்றாள். அழவில்லை. ஜாடியின் கம்பியை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே சொன்னாள். "இந்த ஒன்றையாவது அவர் கேட்பதற்குமுன் நான் கையில் கொடுக்க வேண்டும்."

வேலைக்காரி லேக் மார்க்கெட் தமிழ்க்காரர் கடையிலிருந்து வறுத்த கொட்டை வாங்கிவந்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷின் உண்டு. மாமியார் மத்தியானம் கண்ணசரும்போது அரைத்து எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். படத்தில் போட்டபடி செய்திருந்தால் போதும். காப்பி தெரிந்தவள் ஆயிற்றே நான். இத்தனை தண்ணீர் விட்டால் டிகாக்ஷன் எப்படிக் கெட்டியாகும் என்று, பில்டருக்குப் போடுகிறாற்போல மாவுப் பொடியை நிறையப் போட்டு அழுத்தி, கொஞ்சமாக வெந்நீர் விட்டு, ஐந்து நிமிஷம் ஊறட்டும் என்றேன். பிறகு கம்பியை அமுக்கினால் அசையவில்லை. பௌதி எழுந்து நின்று இரண்டு கையாலும் அமுக்கினாள். சேறு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது ஒரே பீச்சாகப் பீச்சி அவள் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. சங்கு வளையலுக்கு மேலே அரை முழத்துக்குச் சிவந்து போயிற்று. நான் ஐயோ என்று கத்திவிட்டேன். அவளோ கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு, "உங்கள் ஊரில் காப்பி இப்படித்தான் குடிப்பீர்களா, மேலே தெளித்துக்கொண்டு?" என்றாள். அப்படிச் சிரித்தாள், என்னாலும் அடக்க முடியவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். ரவை சலிக்கும்போதுதான் பளிச்சென்று தோன்றிற்று. ரவைச் சல்லடையில் மாவு நிற்குமா? அந்தத் தகட்டுக்கு மாவு ஆகாது, குருணைதான் வேண்டும். பொடி நயமா கொரகொரப்பா என்று வைக்கிற மிஷின் திருகை ஒன்றரைச் சுற்று தளர்த்தி அரைத்தேன். நொய்யரிசி மாதிரி விழுந்தது. அன்றைக்குக் கம்பி வெண்ணெயில் இறங்குகிறாற்போல இறங்கிற்று. பௌதி புருஷர் குடிப்பதுபோலவே பாலில்லாமல் ஒரு வாய் குடித்து, "தேதோ" என்று முகத்தைச் சுளித்தாள், கசப்பாம். நான் முந்தானையில் மறைத்துக் கொண்டுபோன எங்கள் டம்ளரில் பாலைக் கலந்து தூக்கிக் குடித்தேன். குடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காப்பி என்றால் இதுவா? பழக்கதோஷத்தில் இரண்டாம் தரம் வெந்நீர் விடப் போனேன். பௌதி கையைப் பிடித்து நிறுத்தி, "படத்தில் அது இல்லையே" என்றாள். அந்த ஜாடியில் இரண்டாவது என்று ஒன்று கிடையாது. ஒரு தரம்தான், இருக்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான்.

அதே சந்தோஷத்தில் இறங்கி வந்தவள், திருகை மறுபடி இறுக்க மறந்துவிட்டேன். மறுநாள் விடியற்காலை மாமியார் அதில் அரைத்து பில்டரில் போட்டால், வெந்நீர் நிற்காமல் சொரேலென்று இறங்கிவிட்டது. மாமனார் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். "இது காப்பியா, கங்கையில முக்கி எடுத்ததா?"

மாமியார் நேரே மிஷினிடம் போய் விரலால் திருகைத் தொட்டுப் பார்த்தாள். ஆபீசுக்கு எல்லோரும் போனபிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"திருகை யார் தொட்டா?"

"நான்தான்."

"மாடிக்கா?"

"ஆமாம்மா."

"நீயும் குடிச்சியா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "குடிச்சேன். நம்ம டம்ளர்லதான். தூக்கித்தான்."

"மீன் வறுக்கற ஆத்துல" என்றாள். மிஷின் திருகை இறுக்கிக்கொண்டே, "இனிமே மாடிப்படி ஏற வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான். எங்கள் மாமியார் கத்துகிறவள் இல்லை. ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான்.

அப்புறம் நாலைந்து நாள், துணியைக்கூட மாமியாரே மாடியில் கொண்டுபோய் உலர்த்தினாள். பௌதி படியின் திருப்பத்தில் வந்து நிற்பாள். நான் கையை விரித்துக் காட்டுவேன். மிச்சமிருந்த குருணையை அவள் தனியாகவே போட்டுப் போட்டுப் பார்த்துத் தீர்த்துவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் பகலில் பம்பாயிலிருந்து தந்தி வந்தது. மறுநாளைக்கு மறுநாள் காலை பௌதியின் புருஷர் ஹௌராவில் இறங்குகிறார். தந்தி வந்த கையோடு பௌதி கீழே வந்து எங்கள் நிலைப்படிக்கு வெளியே நின்றாள். ஒரு கிண்ணத்தில் கொட்டை. என்னைப் பார்க்கவில்லை, மாமியாரைப் பார்த்து, "மாஷிமா" என்றாள். பெரியம்மா, சித்தி மாதிரி ஒரு மரியாதை அது. கிண்ணத்தை மட்டும் நீட்டினாள். நீட்டின கையில் கொப்புளம் உடைந்து காய்ந்துகொண்டிருந்தது.

"அது என்னடி கையில?" என்று மாமியார் என்னைக் கேட்டாள்.

"காப்பி கொட்டிண்டது. என்னாலதான்."

"அவர் போய் எத்தனை வருஷமாச்சு?"

"நாலு."

மாமியார் பௌதியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தமிழில்தான், யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாமல் சொன்னாள். "எங்காத்துக்காரர் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் கழிச்சுத்தான் என்னைக் கூப்பிட்டுண்டார். ஹௌராவுல வந்து இறங்கினேன். எதிர்க்க வந்து நிக்கறார், எனக்கு அடையாளம் தெரியலை." கிண்ணத்தைக் கீழே வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். எடுத்துக்கொண்டு மிஷினிடம் போனாள். திருகில் கையை வைத்துத் திரும்பினாள்.

"எத்தனை சுத்து?"

"ஒண்ணரைம்மா."

அவளே அரைத்தாள். முடிந்ததும் அவளே இறுக்கினாள். "மேலே கொண்டுபோய்க் கொடு. அவா பாத்திரத்தைத் தொடாதே" என்றாள். எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்லவில்லை.

அவர் வந்த அன்று காலை நான் படித் திருப்பத்தில் நின்றிருந்தேன். ஒளிந்து பார்த்ததுதான், மறைப்பானேன். வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து, தலையில் முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. பௌதி ஜாடியைக் கொண்டுவந்து வைத்து, அவர் எதிரிலேயே கம்பியை அமுக்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஒரு சத்தமில்லாமல் இறங்கிற்று. அவர் ஊற்றிக் குடித்தார். "கே கொரேச்சே?" என்றார். யார் போட்டது என்று அர்த்தம். நான்தான் என்றாள். அவர் ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மிச்சத்தை இன்னொரு கோப்பையில் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தி, "துமி காபே நா?" என்றார். நீ குடிக்கவில்லையா என்று. உள்ளே அவள் மாமனார் இருமுவது கேட்டது. புருஷன் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. பௌதி ஒரு தரம் படிப்பக்கம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். பாலில்லாத அந்தக் கசப்பை ஒரு சுளிப்பு இல்லாமல், டீ குடிக்கிறாற்போலக் குடித்தாள். அவர் கோப்பையைக் கையில் வைத்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

சண்டை வந்து, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது அவர்களும் கிருஷ்ணாநகர்ப் பக்கம் போனார்கள். கண்ணாடிச் சாமான் வண்டியில் உடைந்துபோகும் என்று பௌதி ஜாடியை என்னிடம் விட்டுப் போனாள். "மாஷிமாவுக்கும் போட்டுக் கொடு" என்றாள். அது சமையல்கட்டுக்குள் வரவில்லை. வெளி ஜன்னலில் மாசக்கணக்கில் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது. ஒருநாள் மத்தியானம், ஆண்பிள்ளைகள் இல்லாதபோது, மாமியார் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுல ரெண்டாவது கிடையாதாமே?" என்றாள். கிடையாது என்றேன். "அப்ப எனக்கு அரை டம்ளர்." ஜாடியைத் தேய்த்து, கொதிக்கிற வெந்நீரில் மூன்று தரம் அலம்பிக் காப்பி போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு தூக்கிக் குடித்தாள். டம்ளரை வைக்கவே இல்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "இதையா நம்மாத்து ஆம்பளைகள் இத்தனை வருஷமா குடிச்சிண்டிருக்கா" என்றாள்.

இப்போது என் மாட்டுப்பெண் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் கலந்து கொண்டுவருகிறாள். யாருக்கு எது என்ற பேச்சே இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்று சொன்னால் அதையும் நம்பமாட்டாள். மூடியைத் துடைத்து மறுபடி துணியில் சுற்றி வைத்தேன். தகட்டின் ஓட்டையில் ஒரு குருணை கறுப்பாக இறுகிப்போய் இருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை.

பௌதியின் பெண் லேக் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று கேள்வி. வங்காளம் நன்றாகத் தெரிந்தவர் யாராவது இதை அவளுக்குப் படித்துச் சொல்லி, தப்பு இருந்தால் திருத்த வேண்டும். கொப்புளம் கண்டது இடது கையா வலது கையா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. திருகு ஒன்றரைச் சுற்று என்பது மட்டும் சரி. அதை மாற்ற வேண்டாம்.