கபடி அரங்கில் மீன்

போன வருடம், பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் சும்மா இருந்தபோது நடந்தது இது. சும்மா என்பது அம்மாவின் சொல். என்னைக் கேட்டால், சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து ஒரு கபடி அரங்கம் கட்டிக்கொண்டிருந்தேன் என்பேன். பார்வையாளர்களுக்குப் படிக்கட்டுகள், விளக்குக் கோபுரங்கள், பிரமுகர்களுக்குத் தனி இருக்கைகள் எல்லாம் உண்டு. என்ன, எல்லாமே கணினித் திரைக்குள் இருந்தன.

சதுரக் கற்களை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம் என்கிற அந்த விளையாட்டைத் தெரியாத பிள்ளைகள் இப்போது குறைவு. அதை வைத்து ஒரு கல்லூரி போட்டி நடத்தியது. மூன்று பேர் சேர்ந்து ஒரு விளையாட்டரங்கம் கட்ட வேண்டும். குறித்த சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடுவர்கள் அந்த உலகத்துக்குள் வந்து, சுற்றி நடந்து பார்த்து மதிப்பெண் போடுவார்கள்.

எனக்குக் கட்டடக் கலை படிக்க ஆசை. நான் கணக்கியல் படிக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. வீட்டில் விடிந்தால் இதே பேச்சு. கடைசியில் அம்மாவே சலித்துப்போய்ச் சொல்லிவிட்டார். "சரி, அந்தப் போட்டியில மூணு எடத்துக்குள்ள வா. நீ கேட்டதையே படி. வரல, வாய மூடிக்கிட்டு எக்கவுண்ட்ஸ்ல சேர்ற. பேச்சு மாறக் கூடாது."

சரி என்றேன். யோசிக்காமல் சரி சொல்வது என் பிறவிக் குணம்.

என் குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவன் என் வகுப்புத் தோழன். அவனுடைய அப்பாவுக்கு, அவன் சொல்லில் அத்தாவுக்கு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் சோறும் கறியும் விற்கும் நாசி கண்டார் கடை. மத்தியானக் கூட்டம் முடியும்வரை அவன் கடையில்தான் நிற்க வேண்டும். விளக்குகளுக்கும் மதிப்பெண் பலகைக்கும் ஒயர் இழுப்பது அவன் வேலை. இன்னொருத்தி தாசேக் கெலுகோரில் இருக்கும் மலாய்ப் பெண். அவளை நேரில் பார்த்ததே இல்லை. விளையாட்டில் அறிமுகமாகி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மலாயில் பேசிப் பேசியே நெருங்கியவள். கல் அடுக்குவதில் அவள் கைவேகம் யாருக்கும் வராது.

எல்லாரும் பூப்பந்து, காற்பந்து என்று போவார்கள், நாம் கபடி கட்டுவோம் என்றது நான். அரங்கத்தை ஒரு கிண்ணம் மாதிரி வடிவமைத்தது நான். வாசல் உச்சியில் இருக்கும். அங்கிருந்து படிப்படியாக இறங்கினால் அடியில் கபடிக் களம். அந்த வடிவத்தை நினைத்து எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்து, வாசல் மட்டும் வெறிச்சென்று இருந்தது. தோழன் கடையில் இருந்தான். நான் தாசேக் கெலுகோர்க்காரியிடம் மலாயில், "வாசலுக்கு முன்னால் ஒரு கோலம் செய்துவிடு. நான் சாப்பிட்டுவிட்டு வருகிறேன்" என்றேன்.

"பெசார் கெ கெச்சில்?" என்றாள். பெரிதா, சிறிதா என்று கேட்கிறாள்.

"பெசார் லா! உள்ளே வருகிறவர்கள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்."

"மீன் போடலாமா?"

எனக்கு ஆச்சரியம். இந்தப் பெண்ணுக்கு மீன் கோலம்கூடத் தெரிந்திருக்கிறதே! "போடு, போடு" என்றேன்.

"தாமரை?"

"அதையும் போடு!"

நம் நாட்டில் ஒருவர் பண்பாட்டை இன்னொருவர் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் என்று மனம் நெகிழ்ந்து, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

திரும்பி வந்து ஹெட்போனை மாட்டியதும், "சியாப்!" என்றாள். முடித்துவிட்டாளாம். ஓடிப்போய் வாசலைப் பார்த்தேன். அங்கே அகலமாக ஒரு குளம். அழகான குளம்தான். மேலே தாமரை இலைகள், உள்ளே செம்மீன்கள். ஆனால் குளம்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மலாயில் 'கோலாம்' என்றால் குளம் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒன்றாம் ஆண்டிலிருந்து படித்த மொழி. நீச்சல் குளத்துக்கு எத்தனை கட்டுரைகளில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன்! ஆனால் அன்றைக்கு வாக்கியம் முழுவதும் மலாயில் வந்தபோது அந்த ஒரு சொல் மட்டும் தமிழில் வந்து விழுந்திருக்கிறது. வாய்க்கும் தெரியவில்லை, மூளைக்கும் தெரியவில்லை.

அதை அப்போதே யோசித்திருந்தால் தப்பித்திருப்பேன். நானோ, மூன்று மணி ஆகப்போகிறதே என்ற பதற்றத்தில், முதலில் இதை இடிப்போம் என்று குளத்தின் கரையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்தேன். படிக்கட்டுப் பக்கம் இருந்த கல்லை.

கிண்ணம் மாதிரி வடிவம் என்றேன் அல்லவா? தண்ணீர் கொஞ்சமும் தயங்கவில்லை. உச்சியிலிருந்து படி படியாகக் குதித்து இறங்கியது. போகிற வழியில் ஒயர்களையெல்லாம் அடித்துக்கொண்டு போக, விளக்குக் கோபுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. நான் கையில் இருந்த கல்லைப் போட்டு அடைக்கப் போய், பதற்றத்தில் பக்கத்துக் கல்லையும் பெயர்த்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கடை வேலையை முடித்துவிட்டு விளையாட்டுக்குள் வந்து சேர்ந்தான் தோழன்.

"ஏய், என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? நான் கறிப் பானைய எறக்கி வச்சிட்டு வர்றதுக்குள்ள கடலக் கொண்டாந்துட்டீங்க!"

"கத்தாத, ஒயர் போச்சு."

"ஒயர் போனது தெரியுது லா! விஐபி சீட்டுல மீனு துள்ளுது, அதப் பாரு மொதல்ல!"

என் அலறல் கேட்டு, மடித்துக்கொண்டிருந்த துணியோடு அம்மா வந்து பின்னால் நின்றார். திரையை நிதானமாகப் பார்த்தார்.

"கபடின்னு சொன்ன? மீன் வளக்கறியா?"

"அம்மா, ப்ளீஸ்."

"நான் ஒண்ணும் சொல்லல. எக்கவுண்ட்ஸ் மனு எப்ப முடியுதுன்னு மட்டும் பாத்து வச்சிருக்கேன்."

இரண்டு மொழியும் ஒரே நேரத்தில் தலையில் ஓடுகிற தோழன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தான். அவளிடம் மலாயில் விளக்கினான், என்னிடம் தமிழில் திட்டினான். அவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள், பிறகு சிரித்தாள், பிறகு அந்தக் கோலம் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டாள். போன தீபாவளிக்கு அம்மா வாசலில் போட்ட சிக்குக் கோலத்தின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பினேன். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் ஒரே கோடு.

படத்தைப் பார்த்தாள். பிறகு, "இது லோங்காங் மாதிரி இருக்கிறதே!" என்றாள்.

நான் படபடத்துப் போய் ஹெட்போன் ஒயரை இழுத்ததில், அது கழன்று அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. அம்மாவுக்கு மலாய் என்னைவிட நன்றாகவே புரியும்.

"என்னது, சாக்கடையா? என் கோலம் சாக்கடையா?"

அவளோ உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். செம்பனைத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டுவது போல இந்தக் கோடு முழுவதையும் வாசலில் வெட்டுவோம். குளத்துத் தண்ணீரை அதற்குள் திருப்பிவிட்டால் படியில் இறங்காது, கோலத்துக்குள்ளேயே சுற்றிவரும். குளமும் இருக்கும், கோலமும் இருக்கும்.

அம்மா கையிலிருந்த துணியை என் மடியில் போட்டார். "தள்ளு. சாக்கடையா கோலமான்னு அந்தப் புள்ளைக்கு நான் காட்டுறேன்."

அடுத்த ஒரு மணி நேரம் எங்கள் வீட்டில் நடந்ததை நான் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். அம்மா பென்சிலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி எண்ணினார். நான் தண்ணீரை அடைத்துப் படிகளை வடிய வைத்தேன். தாசேக் கெலுகோரில் அவள் வாய்க்கால் வெட்ட, சுங்கை பினாங்கிலிருந்து அம்மா கத்தினார். "கிரி! கிரி லா! ஐயோ, கிரின்னா எடப்பக்கம்! ஆங்... இப்ப கானான், வலப்பக்கம்!"

"பாய்க், மாக்சிக்!" என்று அவள் ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னாள். ஆகட்டும் அத்தை என்று அர்த்தம்.

தோழன் திரைக்குள் களத்தின் இருட்டில் ஒயர் இழுத்துக்கொண்டே, "ஆண்டி, கொஞ்சம் மெதுவா பேசுங்க, என் காது போகுது" என்றான்.

"நீ வேலையப் பாரு, தம்பி. மீன எடுத்தியா இல்லியா?"

பாதி விளக்குகள்தான் எரிந்தன. மதிப்பெண் பலகையைச் சரிசெய்ய நேரமில்லை. சரியாக நான்கு மணிக்கு மூன்று நடுவர்களின் உருவங்கள் வாசலில் வந்து நின்றன.

பெண் நடுவர் ஒருவர், "இது என்ன?" என்று மலாயில் கேட்டார்.

"கோலம்" என்றேன் நான். அதே நொடியில் "கோலாம்" என்றாள் அவளும். இருவரும் சரியாகத்தான் சொன்னோம்.

இன்னொரு நடுவர் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். வழுக்கி வாய்க்காலுக்குள் விழுந்தார். ஓடுகிற தண்ணீர் அந்த விளையாட்டில் ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். நடுவர் ஒரு புள்ளியைச் சுற்றினார், அடுத்த புள்ளியைச் சுற்றினார், வளைந்து நெளிந்து முழுக் கோலத்தையும் மிதந்து முடித்து, விழுந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார். நான் மனத்துக்குள் கணக்கியல் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் ஏறி வெளியே வந்தார். தொண்டையைச் செருமினார். "இன்னொரு தடவை போகலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மறுபடியும் குதித்தார்.

"பாத்தியா, ஒரே கோடு. எங்கயும் முட்டல" என்று பின்னால் அம்மா கிசுகிசுத்தார்.

மறுநாள் முடிவு வந்தது. எரியாத விளக்குக்கும் ஓடாத மதிப்பெண் பலகைக்கும் மதிப்பெண் வெட்டியிருந்தார்கள். எங்களுக்கும், பூப்பந்து அரங்கம் கட்டிய இன்னொரு குழுவுக்கும் சேர்த்து மூன்றாம் இடம். நான் கூடத்துக்கு ஓடிப்போய்க் கத்தினேன். அம்மா முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்தது. உடனே அதை அடக்கிக்கொண்டார்.

"மூணாவதுன்னா ஒருத்தர் நிக்கணும். ரெண்டு கூட்டம் நின்னா அது மூணர."

"அம்மா! மூணரன்னு ஒரு எடமே கெடையாது!"

"அப்ப மூணுக்குள்ள எப்படி வரும்?"

"நீங்களும்தானே சேந்து கட்டுனீங்க! உங்க கோலத்துக்குத்தானே கெடச்சிச்சு!"

அம்மா சமையலறைக்குப் போனார். பானையைக் கழுவினார். நான் அதன் வாசற்படியிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளிருந்து குரல் வந்தது. "அந்தக் கட்டடக் கோர்ஸுக்கு மனு போடு. மூணரைக்கு இடம் குடுக்குறாங்களான்னு பாப்போம்."

கொடுத்தார்கள். இப்போது முதல் பருவம் படிக்கிறேன். வகுப்பில் நான் சொன்னதைக் கேட்டு யாராவது புரிந்தது என்று தலையாட்டினால், என்ன புரிந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் அவர்களுக்குப் புரிந்தது வேறாக இருக்கிறது. சில நேரம் அது நான் சொல்ல வந்ததைவிட நன்றாகவும் இருக்கிறது.