பன்னிரண்டு வெள்ளைப் புள்ளிகள்

'டக்' என்று சத்தம் கேட்கும்வரை பெர்னி மூச்சு விடமாட்டாள். டார்க் ரெஞ்சின் நீண்ட கைப்பிடியை நெஞ்சை நோக்கி இழுப்பாள். போல்ட் சரியான இறுக்கத்துக்கு வந்ததும் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். பிறகுதான் மூச்சு. காதில் செருகிய வெள்ளைப் பெயின்ட் பேனாவை எடுத்துப் போல்ட்டின் தலையில் ஒரு புள்ளி வைப்பாள். "ஆச்சு" என்பாள். எதிரே கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கும் மகள் கோரின் நோட்டில் ஒரு டிக் அடிப்பாள்.

பெர்னி என்கிற பெர்னடெட் வோய்சிக்குக்கு ஐம்பத்தாறு வயது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் அவளுடைய கராஜில் மார்ச் மாதத்திலிருந்து ஒரு பழைய பிக்கப் டிரக்குக்கு மறுபிறவி நடந்துகொண்டிருக்கிறது. மறுபிறவி என்ற சொல்லை அவள் முன்னால் சொல்லிவிடாதீர்கள். "பிறக்குறதும் இல்ல, ஒண்ணும் இல்ல. தேய்ஞ்சது எது, தேயாதது எது, அவ்வளவுதான்" என்பாள்.

வண்டி கோரின் தன் காசில் வாங்கியது. இன்ஜின் இருவரும் சேர்ந்து பழைய இரும்புக் கிடங்கில் பிடித்தது. விபத்தில் நசுங்கிய ஒரு டெலிவரி வேனின் வயிற்றிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் இன்ஜின். கிடங்குக்காரன் நெஞ்சில் கைவைத்து, "சத்தியமா சொல்றேன்மா, பட்டு மாதிரி ஓடின இன்ஜின்" என்றான். பெர்னி சட்டைப் பையிலிருந்து தேய்மானம் அளக்கும் மைக்ரோமீட்டரை எடுத்தாள். "சத்தியத்த நீயே வச்சுக்கோ. மூடியக் கழட்டு."

உதிரிப்பாகக் கடையில் ஒரு வாலிபன், "உங்க வீட்டுக்காரர் என்ன வண்டி வச்சிருக்கார்?" என்று கேட்டான். "அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. எந்த வண்டியில போனார்னு நான் கவனிக்கல. நீ பிஸ்டன் ரிங்க எடு" என்றாள்.

இந்தப் புள்ளிப் பழக்கம் தொழிற்சாலையில் வந்தது. இருபத்தாறு வருடம் லாரி பிரேக் பாகங்களுக்குக் கடைசிச் சோதனை செய்தவள். ஒருமுறை மேற்பார்வையாளர், சோதிக்காத ஆறு பெட்டிகளுக்குக் கையெழுத்துப் போடச் சொன்னான். லாரி வாசலில் நிற்கிறதாம். பெர்னி மறுத்தாள். மூன்று வாரம் கையில் துடைப்பம் கொடுத்தார்கள். பக்கத்து மேசைக்காரர் லூத்தர், பிள்ளைகுட்டிக்காரர், கையெழுத்துப் போட்டுவிட்டார். பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி ஒரு வீட்டுச் சுவரில் போய் முட்டியபோது, கையெழுத்துப் போட்டவருக்கு வேலை போயிற்று. போடச் சொன்னவனுக்குத் தனி அறை கிடைத்தது. இதைச் சொல்லும்போது மட்டும் பெர்னியின் கழுத்து சிவக்கும். "கை செய்யாததுக்குப் புள்ளி வைக்காதே" என்பது அவள் வீட்டில் ஒரே வேதம்.

திங்கட்கிழமை கோரின் டுலூத் துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் சேர வேண்டும். பன்னிரண்டு மணிநேர ஓட்டம், தனியாக, இந்த வண்டியில். அதனால் சனிக்கிழமை காலை, அடுத்த வீட்டுக்காரர் காஸ், இன்ஜினைத் தூக்கி வண்டிக்குள் இறக்கும் சங்கிலித் தூக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மச்சினனிடம் இரவல் வாங்கியது, சாயங்காலம் திருப்பித் தர வேண்டும். கொக்கியில் பயணிகளைக் காக்கும் புனிதரின் பதக்கம் ஒன்றைக் கட்டியிருந்தார்.

"அத அவுத்துடு, காஸ்."

"ஏன், இவருக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறைச்சலும் இல்ல. அவருக்கு 'டக்'னு சொல்லத் தெரியாது."

காஸ் சிரித்துக்கொண்டே பதக்கத்தைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்ஜின் இன்னும் சுழலும் இரும்புத் தாங்கியில்தான் மாட்டியிருந்தது. சங்கிலியை மாட்டப் போன நேரத்தில் கோரின் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"மா, பிஸ்டன் ராடு போல்ட் மொத்தம் பன்னெண்டுதானே?"

"பின்னே?"

"பதினொரு டிக்தான் இருக்கு. ஆறாவது சிலிண்டர்ல ஒண்ணு காணோம்."

"நீ டிக் போட மறந்திருப்பே" என்றார் காஸ். கோரின் போனைத் திறந்து காட்டினாள். இன்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை மூடுமுன் எடுத்த படம். பன்னிரண்டு போல்ட், பன்னிரண்டு வெள்ளைப் புள்ளி. "பாத்தியா? உங்கம்மா புள்ளி வச்சா அது கல்வெட்டு. தூக்குங்க, மத்தியானத்துக்குள்ள உக்கார வச்சிடலாம்" என்றார் காஸ்.

கோரினும் தலையாட்டினாள். "ஆமா, நாந்தான் விட்டிருப்பேன்."

பெர்னி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் போல்ட்டுகளை இறுக்கிய செவ்வாய்க்கிழமை, பேனா காய்ந்துகொண்டு வந்தது. மை இருக்கும்போதே வைத்துவிடலாம் என்று கடைசி நாலுக்கும் முதலில் புள்ளி வைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினாள். மூன்று ஆனதும் கோரினின் போன் அடித்தது. டுலூத்தில் வேலை கிடைத்துவிட்டது. இருவரும் கிரீஸ் கையோடு கட்டிக்கொண்டு, கராஜைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். திரும்பி வந்தபோது பன்னிரண்டு புள்ளிகளும் கண்ணெதிரே இருந்தன; எல்லாம் முடிந்தது என்று மூடிவிட்டார்கள்.

இந்த விஷயம் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். தப்பு மகளின் பெயரில் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. மகளே ஒப்புக்கொண்டும் விட்டாள். பேசாமல் இருந்தால் போதும்.

"நீ விடல கோரி" என்றாள் பெர்னி. கழுத்து சிவந்திருந்தது. "இறுக்கறதுக்கு முன்னாடியே நான் புள்ளி வச்சேன். இன்ஜினக் கவுத்து."

"நீயா?" என்றாள் கோரின்.

"நான்தான்டி. லூத்தருக்காவது நாலு பிள்ளைங்க. எனக்கு ஒரு காய்ஞ்ச பேனா."

"தூக்கி சாயங்காலம் போயிடும், பெர்னி" என்றார் காஸ்.

"போகட்டும். மறுபடி தூக்கி கிடைக்கலேன்னா இவ பஸ்ல போவா. வண்டி பின்னால வரும்."

இன்ஜினைத் தாங்கியிலேயே புரட்டித் தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றுவதற்குள் காஸின் மனைவி ஒரு சட்டி முட்டைக்கோஸ் சுருளைக் கொண்டுவந்து வைத்து, புருஷனோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுப் போனாள். தொட்டி கசியாமல் இருக்க கோரின் புதுக் கேஸ்கெட் வாங்கி வந்தாள். ஆறாவது சிலிண்டரின் இரண்டாவது போல்ட்டில் பெர்னி ரெஞ்சை வைத்து இழுத்தாள். அது முக்கால் சுற்று சும்மா சுற்றியது. பிறகுதான் 'டக்'.

காஸ் சட்டைப் பைக்குள் கைவிட்டுப் பதக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி, கண்டுபிடிச்சாச்சு. மூடு, மூடு" என்றார் கடைசியில். "இன்னும் நேரம் இருக்கு."

பெர்னி ஒரு துணியைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்தாள். முதல் சிலிண்டரிலிருந்து தொடங்கி, பன்னிரண்டு புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாள். பிறகு காதிலிருந்த புதுப் பேனாவை உருவி, ரெஞ்சோடு மகளிடம் நீட்டிவிட்டு, தான் போய் வாளியின் மேல் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள்.