ஜெர்மனா ஜூலுவா என்று கேட்டவருக்கு

"புதுசா ஒரு பாஷை கத்துக்கலாம்னு இருக்கேன். ஜெர்மனா ஜூலுவான்னு கொளப்பம். நீங்க ரெண்டையும் தொட்டவராச்சுங்களே" என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். தொட்டவன்தான். ஜெர்மனை ஆறு மாசம் மென்று விழுங்கினேன். ஜூலுவில் நாலே பாடம். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று வைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே மகளிடம் கெஞ்சி, பாஷை சொல்லித்தருகிற ஆப் ஒன்றை போனில் போட்டுக்கொண்டேன். பட்டியலில் ஜூலு கடைசியில் இருந்தது. விரல் தானாக அங்கே போனது.

ஆப்பில் ஒரு பெண் குரல் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டொக்'கென்று சொடுக்கியது. அவ்வளவுதான், மெஷின் எண்ணெயும் பஞ்சுத் தூசியும் மூக்கில் ஏறிவிட்டன. போத்தனூர்ப் பக்கம் நூல் மில் மெஷின் செய்த கம்பெனி ஒன்றில் நானும் பொன்னுசாமியும் ஃபிட்டர்கள். அவன் அன்னூர்க்காரன். எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் நின்றோம். என் டிபனில் பாதியை அவன்தான் தின்பான், கேட்காமலே.

அந்த வருஷம் கம்பெனிக்கு வெளிநாட்டுக்கு அனுப்ப ரெண்டு ஆள் வேண்டியிருந்தது. ஒருத்தருக்கு ஜெர்மனியில் ஆறு மாசப் பயிற்சி, திரும்பினால் ஃபோர்மேன். இன்னொருத்தர் தென்னாப்பிரிக்காவில், ஜூலு பேசுகிற டர்பன் பக்கம் ஒரு மில்லில் மெஷின் பூட்ட வேண்டும், மூணு வருஷம். "எது யாருக்குன்னு நீங்களே பேசிக்குங்க" என்றுவிட்டார் மேனேஜர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா! 'எனக்கு இது வேணும்' என்று முதலில் வாய் திறப்பவன் மானங்கெட்டவன். "நீ சொல்லு", "அட, நீ சொல்லப்பா" என்றே ஒரு வாரம் ஓடியது. அவனுக்கும் ஜெர்மனிமேல்தான் கண். அவன் சம்சாரம் சரசுவுக்கு அப்போது ஏழு மாசம். அது எனக்குத் தெரியும்.

மேனேஜர் ரெண்டு பாஷைக்கும் புத்தகம் கொடுத்திருந்தார். பொன்னுசாமிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். படித்துச் சொல்லும் வேலை என்னுடையது.

"ஜெர்மன்ல ஸ்பூன் ஆம்பளை, முள்கரண்டி பொம்பளை, கத்தி ரெண்டுமில்ல. கொடுமையென்னன்னா, சின்னப் பொண்ணும் ரெண்டுமில்ல. இதையெல்லாம் ஒண்ணொண்ணா மனப்பாடம் பண்ணோணும்" என்றேன். "ஜூலு நம்ம தமிழு மாதிரி. சொல்லுக்குமேல சொல்லு ஒட்டிக்கிட்டே போகலாம். நாக்கைச் சொடுக்கற சத்தம் வருது, அது நீ மாடு ஓட்டறப்பப் போடற சத்தமேதான்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் பாவம். ஜெர்மனிலும் பல வாக்கியங்களில் வினைச்சொல் நம்மைப் போலக் கடைசியில்தான் வந்து உட்காரும், அதைச் சொல்லவில்லை. 'நீ', 'நீங்க' வித்தியாசம் அங்கேயும் உண்டு, மரியாதைக்காரனான அவனுக்கு அது நாலு நாளில் வந்திருக்கும். ஜூலுவில் பெயர்ச்சொற்கள் பத்துப் பதினைந்து கூட்டங்களாகப் பிரிந்து நிற்கும். ஒன்று பலவானால் நாம் சொல்லின் வாலை மாற்றுவோம், அவர்கள் தலையை மாற்றுவார்கள், கூடவே வாக்கியத்தில் இருக்கிற மற்றதும் மாறும். அந்தப் பக்கத்தை நான் அவனுக்குப் புரட்டிக் காட்டவே இல்லை. ஆசை கண்ணை மறைத்தது என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாகத் தெரிந்தே செய்தேன்.

பொன்னுசாமி சிரித்தான். "அப்ப ஜூலுவை நானே எடுத்துக்கறேன். நீ படிச்சவன், அந்த ஸ்பூனைக் கட்டிக்கிட்டு அழு."

நான் நாலு பாடம் சொல்லிக்கொடுத்ததும் எனக்கு ஜெர்மன் வகுப்பு தொடங்கிவிட்டது. மீதியை அவனே தட்டுத்தடுமாறிப் படித்தான். அவன் கிளம்பிய அன்று போத்தனூர் ஸ்டேஷனுக்கு நானும் சரசுவும் போயிருந்தோம். வண்டி நகர்ந்ததும் படியில் நின்று, புதுச் சட்டை காட்டுகிற பெருமையோடு, "சாலா கஹ்லே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். எனக்கு விளங்கவில்லை. சும்மா கையை ஆட்டினேன். சரசு பதறிப்போய், "ஏனுங்க! வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடியது. வண்டிச் சத்தத்தில் அது அவன் காதில் விழுந்ததா, தெரியாது.

கடிதம் போடுவான். 'இங்கயும் மருமகப் பொண்ணுக மாமனார் பேரைச் சொல்ல மாட்டாங்களாம். அந்தப் பேர்ல வர்ற சத்தம்கூட வாயில வராமப் பாத்துக்குவாங்களாம். சரசுகிட்டச் சொல்லு, அவ புருசன் பேருக்குப் பண்றதெல்லாம் ஒண்ணுமே இல்ல.' அதைப் படித்துக் காட்டியபோது சரசு மடியில் பெண் குழந்தையை வைத்துக்கொண்டு வெட்கப்பட்டுச் சிரித்தது. அடுத்த தடவை அந்த வீட்டுக்கு நான் எடுத்துப்போனது தந்தி. வேலை முடிய ரெண்டு மாசம் இருக்கையில், மில்லுக்கு ஆள் ஏற்றிப்போன வேன் கவிழ்ந்துவிட்டது.

நான் ஃபோர்மேன் ஆகி, அதிலேயே ஓய்வும் பெற்றேன். சரசு ஒருநாளும் என்னைக் கோபமாகப் பார்த்ததில்லை. "நீங்க நல்லதுக்குத்தானுங்களே சொன்னீங்க. அவருக்கு அந்தப் பாசை அத்தனை புடிச்சிருந்துதுங்க" என்று ஒருதரம் சொன்னது. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். போன தையில் சரசுவும் போய்ச் சேர்ந்தது. கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். எங்கள் பெஞ்சு பழைய இரும்போடு போயிருக்கும். என் ஜெர்மனும் போய்விட்டது, ஸ்பூன் ஆம்பளை என்பது மட்டும் நிற்கிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எந்தப் பாஷை பேசுகிறவர்களோடு இருக்க ஆசையோ, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். எது லேசு என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நான் ஒருதரம் சொல்லியாயிற்று.

நேற்று ஆப்பில் ஐந்தாம் பாடத்துக்குப் போனேன். விடைபெறும் பாடம். போகிறவர், இருப்பவரிடம் 'சாலா கஹ்லே' என்பாராம், நல்லபடியா இருங்க என்று. இருப்பவர் பதிலுக்கு 'ஹம்பா கஹ்லே', நல்லபடியா போங்க என்று சொல்ல வேண்டுமாம். பொன்னுசாமி தன் பங்கைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். பதில் சொல்ல வேண்டியவன் நாலு பாடத்தோடு புத்தகத்தை மூடிவிட்டு, பிளாட்பாரத்தில் நின்று கையை ஆட்டியிருக்கிறேன்.

'திரும்பச் சொல்லுங்கள்' என்றது போன். சொன்னேன். சரியில்லை என்றது. மறுபடியும் சொன்னேன்.