போகியன்று வெட்டிய செடி

ஃபிரிஸ்கோவிலிருந்து பேர்லேண்ட் கோயிலுக்குப் போகும் வழியில், ஃப்ரீவே ஓரத்து நர்சரி ஒன்றில் காரை நிறுத்துகிறேன். வாசல் முழுக்க ஃபார்சித்தியா செடிகள். இலையே இல்லாத குச்சிகளில் மஞ்சள் பூ அப்பிக் கிடக்கிறது. எங்கள் வீட்டிலும் இதே செடி இருக்கிறது; அதில் ஒரு பூகூட இல்லை. குளிர்தான் காரணம் என்று நாலு வயது மகள் மீராவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளோ தினமும் காலையில் ஜன்னல் வழியே தேடிப் பார்க்கிறாள்.

தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் பெண்ணின் சட்டையில் தமிழ்ப் பெயர். தயங்கித் தயங்கிக் கேட்கிறேன். "அக்கா, எங்க வீட்டுல மட்டும் ஏன் பூக்கலை? உரமெல்லாம் சரியாத்தான் போட்டேன்."

"எப்பங்க வெட்டுனீங்க?"

"போகிக்கு. காஞ்ச குச்சியா நின்னுச்சு. பழசைக் கழிக்கணுமேன்னு மொத்தமா ட்ரிம் பண்ணிட்டேன்."

அவர் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார். "அட சாமி! அது காயலைங்க. போன கோடையிலயே அந்தக் குச்சியில மொட்டு வெச்சிருக்கும். பூவைப் பூராக் குப்பையில போட்டுட்டீங்களே! பயப்படாதீங்க, செடி சாகாது. அடுத்த வருஷம் பூக்கும். இனிமே பூத்து முடிஞ்சதும் வெட்டுங்க."

என் கையைப் பிடித்து நிற்கும் மீரா என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். "அம்மா, யூ டிட் இட்?"

"ஆமாம்மா. குளிர் இல்ல, நான்தான்."

அழுவாள் என்று நினைக்கிறேன். திருடனைப் பிடித்துவிட்டவள் போலக் குதிக்கிறாள்.

பூத்த செடியோடு ஒரு தொட்டி வாங்கி, அவள் சீட்டுக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டு வைக்கிறேன். ஓரத்தில் ஒரு குச்சி மொட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. என் கை தானாக அதை ஒடிக்கப் போகிறது.

"நோ, அம்மா!"

கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.