டாலிகஞ்சுக்குப் போகாத பெட்டிகள்

அந்தமானில், போர்ட் பிளேயரின் பத்துபஸ்தியில், விமானங்கள் தாழ இறங்கும் பக்கம், எங்கள் பட்டறை இருந்தது. மீன்பிடிப் படகுகளுக்கும் தெருவிளக்குகளுக்கும் சோலார் கன்ட்ரோலர் போர்டுகள் செய்தோம். வேலை பார்த்தவர்களில் பெரும்பாலும் பெண்கள். ஸ்டோர் என் பொறுப்பு. போர்டில் ஏறும் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஐசி எல்லாம் எவ்வளவு வந்தது, எவ்வளவு மேசைக்குப் போனது, மிச்சம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கவனிப்பதுதான் வேலை.

மெயின்லேண்டில் ஒரு ஐசி தீர்ந்துபோனால் யாரையாவது கடைக்கு அனுப்பலாம். எங்களுக்கு அது சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். அரிசி மணியைவிடச் சின்னதான ஒரு பாகம் இல்லாமல் பட்டறை முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. அப்படி ஒரு மழைக்காலத்துக்குப் பிறகுதான் நான், பாகங்கள் நாடாவில் சுற்றி வரும் ஒவ்வொரு ரீலுக்கும் பார்கோடு ஒட்ட ஆரம்பித்தேன். ரீல் எந்த மேசைக்குப் போனாலும் ஸ்கேனரைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். சால்டரிங் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்காதான் எனக்காக அவர்களிடம் பேசினாள்.

அவள் சொந்த அக்கா இல்லை. ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. நான் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவுக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் எங்கள் வீட்டார். போர்ட் பிளேயரில் டிப்ளமா படிக்க வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். எனக்கு இங்கே மனிதர் என்றால் அவள்தான். அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரவுகளில் நான் பக்கத்தில் இருந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி அவள் வீட்டிலிருந்து வரும்.

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். ஒருநாள் அவர் எங்கள் இரண்டு பேரையும் காரில் ஏற்றிக்கொண்டு, பக்கத்திலேயே இருக்கும் டாலிகஞ்சில் ஒரு காலிக் கட்டடத்தைக் காட்டினார்.

"இங்க மாத்திரலாம்னு இருக்கேன். ஸ்டோர் எந்தப் பக்கம் வரணும்னு நீயே சொல்லு" என்றார் என்னிடம்.

நான் சாக்பீஸ் வாங்கி வந்து, அலமாரிகள் நிற்க வேண்டிய இடங்களைத் தரையில் கோடு போட்டேன். ஈரம் புகாத அலமாரிக்கு ஜன்னலிலிருந்து தூரமாக ஒரு மூலை. அக்கா வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பேக்கிங். எண்ணி, சரிபார்த்து, லேபிள் ஒட்டி, பெட்டியில் வைத்தோம். ஐசிகளைக் காற்றில்லாத உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஈரம் பட்டால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் அட்டை ஒன்றும் வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. எனக்கு அது அதிகமாகப் பட்டது.

"டாலிகஞ்ச் போறதுக்கு இவ்வளவு ஏனுங்க அக்கா? கையில தூக்கிட்டுப் போனாலே போயிரலாமே."

"மழைக்காலம்டி. போட்டுத்தான் வையேன்."

இன்னொன்றும் சொன்னாள். "பெட்டி மேல விளக்கமா எழுதிரு. புதுசா வர்றவங்களுக்கும் புரியணும்ல." புது ஆட்கள் வரப்போகிறார்கள், பட்டறை பெரிதாகப்போகிறது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எந்தப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும், எதை எதோடு சேர்த்து அடுக்க வேண்டும் என்று மார்க்கரால் பெரிதாக எழுதினேன். அவ்வளவு அழகாக நான் எழுதியதே இல்லை.

லாரி வந்த காலையில் பெட்டிகள் ஏறிய பிறகு, அங்கே இறக்கி வாங்க வேண்டுமே என்று ஸ்கேனரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு முன்னாலேயே ஆட்டோவில் கிளம்பினேன். டாலிகஞ்ச் கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் சாக்பீஸ் கோடுகள் மேல் யாருடைய சிமென்ட் மூட்டைகளோ அடுக்கிக் கிடந்தன.

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. லாரி வழி தவறிவிட்டதோ என்றுதான் அப்போதும் நினைத்தேன். டிரைவர் தெலுங்குக்காரர், தெரிந்தவர். அவரைக் கூப்பிட்டேன்.

"தீதி, ஹம்கோ டாலிகஞ்ச் யாரும் சொல்லல. ஹாடோ போலா. ஜஹாஜ்ல ஏத்துறாங்க, சென்னை சாமான்" என்றார், இந்தியும் தமிழுமாக. ஹாடோவில்தான் துறைமுகம். ஜஹாஜ் என்றால் கப்பல்.

பூட்டிய கதவின் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் சூட்கேஸ்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. என்னைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நீங்களும் போறீங்களா?"

"மூணு பேரக் கூட்டிட்டுப் போறாரு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எடம் எடுத்துட்டாரு."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

அவள் ஒரு சூட்கேஸின் பட்டையை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் கேட்டேன்.

"டாலிகஞ்ச் காட்டினாருல்ல. அதுக்கு முன்னாடியே."

"அப்ப நான் அங்க கோடு போட்டப்ப..."

"வாய் தவறிச் சொன்னா எனக்கும் எடம் இல்லன்னுட்டாருடி. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? உன்கிட்ட சொன்னா நீ மனசோட பேக் பண்ணுவியா, சாமான் பூராத் தாறுமாறாப் போயிரும்னாரு."

அவள் பிள்ளைகளுக்காகத்தான் மறைத்தாள் என்பதை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால், விளக்கமாக எழுது என்று சொன்னாளே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. அதைச் சொல்லும்படி அண்ணாச்சி கேட்டிருக்கமாட்டார். அது அவளுக்காக. அங்கே போய் நான் இல்லாமல் சமாளிப்பதற்காக. நான் எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து டேப் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டுப் போ" என்றாள்.

நான் வந்துவிட்டேன்.

மறுநாள் பட்டறை வாசலில் மற்ற பெண்கள் நின்றார்கள். கதவில் பூட்டு. சாமான் கப்பல் ஏறிய செய்தி அதற்குள் அவர்களுக்கும் எட்டியிருந்தது. டெஸ்டிங் மேசையில் இருந்த வங்காளிப் பெண் என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தாள். தமிழ் அவளுக்கு எங்களிடம் கற்றுக்கொண்டதுதான்.

"எல்லாம் நீ தானே கட்டின? உனக்குத் தெரியாதா? ஜூட் மத் போல்."

பொய் சொல்லாதே என்கிறாள். சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் திரும்பி மற்றவர்களோடு போய் நின்றுகொண்டாள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். கடைசி ரீல் வரை கணக்கு வைத்திருந்தவளுக்குப் பெட்டி எங்கே போகிறது என்று தெரியாது என்றால் யார் நம்புவார்கள்?

சில வாரங்கள் கழித்து அக்கா போன் செய்தாள். ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை. கப்பலில் ஈரம் புகுந்து சில உறைகளில் அட்டை நிறம் மாறிவிட்டதாம்; அந்த ஐசிகளை அப்படியே போர்டில் ஏற்றலாமா என்று கேட்டாள்.

"ஏத்தாதீங்க. ஓவன்ல காய வச்சுட்டு ஏத்துங்க. இல்லன்னா சால்டரிங் சூட்டுல வெடிச்சிரும்" என்றேன்.

"உனக்குக் கோவமாடி?"

போனை வைத்துவிட்டேன். பதிலைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அன்று முழுவதும் தோன்றிக்கொண்டே இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தாலும் நன்றாக இருந்திருக்காது. அந்த ஐசிகள் என் கையால் எண்ணியவை.

இப்போது நான் வடக்கு அந்தமானில், மாயாபந்தரில் படகு இன்ஜின் உதிரிபாகக் கடை ஒன்றில் ஸ்டோர் பார்க்கிறேன். பெரிய பெரிய இரும்புச் சாமான்கள்; எதுவும் கண்ணுக்குத் தப்பாது. போன மாதம் போர்ட் பிளேயர் போயிருந்தேன். அபர்தீன் பஜாரில் அந்த வங்காளிப் பெண் எதிரே வந்தாள். ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்திருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள். நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நடந்தாள்.